ரெண்டாம் பாகத்தில் என் சித்தப்பா

பழைய சினிமாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் வயதுக்காரர்கள் நீங்கள் எல்லாரும் உருகிவிடுகிறீர்கள். டூரிங் கொட்டகை, குவித்த மணல், இடைவேளை முறுக்கு, ரீல் மாற்றும்போது விசில். நானும் அந்த மணலில் உட்கார்ந்தவள்தான். முறுக்கின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் சினிமா என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு முதலில் வருவது புளித்துப்போன மைதாப் பசையின் நாற்றம்தான். அறுபது வயதாகியும் அது மூக்கை விட்டுப் போகவில்லை. கல்யாண வீட்டில் யாராவது பச்சை ஐஸ்கிரீமை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். பிஸ்தா என்கிறார்கள். இருக்கட்டும்.

நான் நாலாவதோ ஐந்தாவதோ படித்த வருஷம். பங்குனி வெயில் ஆரம்பித்திருந்தது. செஞ்சிக் கோட்டையில் படம் எடுப்பது எங்களுக்குப் புதிதில்லை. அட்டைக் கத்தியோடு எத்தனையோ ராஜாக்கள் வந்து போயிருந்தார்கள். அந்த வருஷம் வந்தவர்கள் ராஜா படம் எடுக்க வரவில்லை. வேற்றுக்கிரகத்திலிருந்து பறக்கும் தட்டில் வந்து பூமியைப் பிடிக்கிறவர்களைப் பற்றிய பேய்ப்படம், அதிலும் ரெண்டாம் பாகம். முதல் பாகம் எங்கள் கொட்டகையில் ஓடியிருந்தது. அதில் ரெண்டே ரெண்டு பேர் தட்டிலிருந்து இறங்கி, ஒரு கிராமத்துக் கிணற்றையெல்லாம் உறிஞ்சிவிட்டு, கதாநாயகனிடம் உதை வாங்கிக்கொண்டு, "படையோடு வருவோம்" என்று சொல்லிப் போவார்கள். பிள்ளைகள் நாங்கள் அவர்களுக்கு வைத்த பெயர் தட்டுக்காரன். ரெண்டாம் பாகத்தில் சொன்னபடி படையோடு வருகிறார்கள், பூமியின் தண்ணீர் முழுவதையும் கொள்ளையடிக்க. கதை அவ்வளவுதான். முதல் பாகத்தில் கொஞ்சம் லாபம் பார்த்தவர்களுக்கு அதை ரெண்டாம் பாகத்தில் செலவு செய்ய மனசு வரவில்லை. நடந்ததெல்லாம் அந்தக் கஞ்சத்தனத்தில் தொடங்கியதுதான்.

என் சித்தப்பா, அதாவது நைனாவின் தம்பி, முதல் பாகத்தைக் கொட்டகையில் அது ஓடிய நாளெல்லாம் பார்த்தவர். கல்யாணமாகாத வயசு. வேர்க்கடலை பிடுங்கப் போவார், லாரியில் மூட்டை ஏற்றுவார். சட்டைப் பையில் சீப்பும் ஒரு வட்டக் கண்ணாடியும் எப்போதும் இருக்கும். கடலைக் காட்டில்கூட வரப்பில் நின்று கண்ணாடி பார்ப்பார். நீண்ட முகம், பெரிய கண். அவருக்கு உலகத்தில் ஒரே ஆசை.

"ஒரு வாட்டி, ஒரே ஒரு வாட்டி என் மூஞ்சி படத்துல வரணும். அப்பறம் செத்தாலும் பரவால்ல" என்பார்.

"வெளக்குமாறு பிஞ்சிடும். போயி மாட்டுக்குத் தண்ணி காட்டு" என்பாள் அம்மா.

படக் கம்பெனி மேனேஜர் ஜீப்பில் எங்கள் தெருவுக்கே வந்தார். பவுடர் மணக்க, வாய் நிறைய வெற்றிலை. கறுப்பாக, ஒல்லியாக இருக்கிற ஆட்கள் நிறைய வேண்டும் என்றார். ஊருக்குள் இருக்கிறவர்களை ஏற்கெனவே பொறுக்கி எடுத்துவிட்டார்களாம், பயந்து ஓடுகிற மனுஷர்களாக நடிக்க. தட்டுக்காரர்களாக நடிக்கத்தான் எங்கள் தெரு. நைனா பூரித்துப்போனார். "நம்ப தெருவையே மொத்தமா கூப்டுக்கினாங்க பாரு" என்று அம்மாவிடம் சொன்னார். கூட வந்த டைரக்டர் வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, "இவங்களுக்கு மேக்கப்பே வேணாம்யா, அப்படியே எறக்கலாம்" என்றார். கம்பெனிக்காரர்கள் சிரித்தார்கள். எங்கள் ஆட்களும் சேர்ந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. கோட்டைக்குக் கல் சுமந்தவர்கள் எங்கள் பாட்டன் பூட்டன் என்று சொல்லிக்கொள்வோம். அந்தக் கோட்டை வாசலிலேயே எங்களை வேறு கிரகத்திலிருந்து வந்தவர்களாக நிறுத்தினார்கள். அதற்கும் கைகட்டி நின்றோம்.

பறக்கும் தட்டு என்பது ரெண்டு அலுமினியத் தாம்பாளங்களைக் கவிழ்த்து ஒட்டி, நூலில் கட்டி, ராஜகிரி மலை பின்னால் தெரியும்படி ஆட்டியது. தட்டுக்காரர்களின் முட்டை என்பது பனங்காய். அதன் மேல் வெண்டைக்காயை வேகவைத்துப் பிசைந்த கொழகொழப்பை ஊற்றினார்கள். முட்டை வெடித்துக் குஞ்சு வருகிற காட்சிக்கு வெள்ளிக்கிழமைச் சந்தையிலிருந்து ஆட்டுக் குடல் வந்தது. அதே குடலை மறுநாளும் அதற்கு மறுநாளும் வைத்து எடுத்தார்கள். ஈ மொய்த்தது. கோட்டைக் குரங்குகள்கூட முதல் நாள் ஒரு முட்டையைத் தூக்கிப்போய் மோந்து பார்த்துவிட்டுக் கீழே போட்டுவிட்டன. அதன் பிறகு அந்தப் பக்கமே அவை வரவில்லை. குரங்குக்கு இருந்த புத்தி எங்களுக்கு இல்லை.

உடம்பில் பூசுகிற பச்சைச் சாயம் சென்னையிலிருந்து கொஞ்சம் கொண்டுவந்திருந்தார்கள். ரெண்டு பேருக்குப் பூசின சாயம் ஒரு படைக்கு எப்படிப் போதும்? தீர்ந்துவிட்டது. மேக்கப்காரர் முன்னே சினிமா போஸ்டர் ஒட்டுகிற வேலையில் இருந்தவர். அவருக்குத் தெரிந்த பசை ஒன்றுதான். மைதாவைக் காய்ச்சி, எலியும் கரப்பானும் தின்னாமல் இருக்கத் துத்தம் போடுகிற போஸ்டர் பசை. மயில்துத்தம் நீலம், அதோடு கொஞ்சம் மஞ்சள் தூள் சேர்த்தால் பச்சை. அவலூர்பேட்டைக் கடையிலிருந்து துத்தம் பொட்டலம் பொட்டலமாக வந்தது. கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிற பெரிய அண்டாவில் அந்தப் பசையைக் காய்ச்சிக் கிளறும் வேலை என் அம்மாவுக்கு. கரண்டி போதாமல் ஆறினதைக் கையாலேயே பிசைவாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அவள் கையிலிருந்து அந்த வாடை வரும். சோறு பிசைந்து கொடுத்தால் நான் வாயை மூடிக்கொள்வேன்.

மற்றவர்களுக்குக் கைகாலில்தான் பசை. தலையில் ரப்பர் மூடி. தூரத்தில் நடந்து போனால் போதும். சித்தப்பா மேனேஜர் பின்னாலேயே சுற்றிச் சுற்றி, படைத் தலைவன் வேஷத்தை வாங்கிவிட்டார். கடைசியில் தலைவன் மூடியைக் கழற்றுவான், முகம் தெரியும், கதாநாயகன் சுடுவான். முகம் தெரியும்! அதற்காக மீசையை எடுத்தார். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் மீசை எடுத்தால் வீட்டில் சாவு என்று அர்த்தம். நைனா திட்டினார். சித்தப்பா கண்ணாடியை எடுத்து, "பாரு, மொழுக்குனு எப்டி இருக்குது" என்று என்னிடம் காட்டினார்.

அந்தக் காட்சியைச் செட்டிக்குளத்தின் கரையில் எடுத்தார்கள். எங்கள் தெருவே பார்க்கப் போயிருந்தது. நான் அம்மாவோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். சித்தப்பாவுக்குக் காலையிலேயே முகம் முழுக்க, இமை வரைக்கும், பசையை அப்பிவிட்டார்கள். கதாநாயகன் வரவில்லை. வந்த பிறகு சாப்பிட்டார். வெயில் ஏறியது. பாறைச் சூட்டில் பசை காய்ந்து வெடித்தது. வெடித்த இடத்தில் மறுபடியும் அப்பினார்கள். வேர்வை அதைக் கரைத்துக் கண்ணுக்குள் இறக்கியது. சித்தப்பா முதலில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பிறகு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். குளம் பக்கத்திலேயே இருந்தது, நிறைய தண்ணீரோடு.

"சார், கண்ணு எரியுது சார். கழுவிக்கினு வந்துடறேன்" என்றார்.

"கழுவினா கலைஞ்சிடும்யா. கன்டினியூட்டி போயிடும். மறுபடி பூசறதுக்குள்ள வெயில் எறங்கிடும். பொறுத்துக்க, உன் மூஞ்சி வரப்போகுது இல்ல?" என்றார் மேனேஜர்.

முகம் வரப்போகிறது என்றதும் சித்தப்பா அடங்கிவிட்டார். இதை அந்த மேனேஜர் நன்றாகத் தெரிந்துதான் சொன்னார்.

அதற்குப் பிறகு சித்தப்பாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. பச்சை முகத்தில் ரெண்டு கோடு. டைரக்டர் அதைப் பார்த்துத் துள்ளிக் குதித்தார். "கேமராவ வை, கேமராவ வை! இதுதான்யா வேணும்!" கேமராவைக் கிட்டே கொண்டுபோனார்கள். வசனம் எதுவும் சொல்லித்தரவில்லை. "ஏதோ வாய அசைக்கட்டும், டப்பிங்ல பாத்துக்கலாம்" என்றார்கள். சித்தப்பா வாயை அசைத்தார். "தண்ணி சார். தண்ணி. கண்ணு எரியுது சார்." படிக்கட்டில் இருந்த எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. தண்ணீரைத் திருட வந்தவன் தண்ணீர் கேட்கிறான், கதைப்படிதானே பேசுகிறார் என்று எங்கள் தெருவே நினைத்தது. நைனா எழுந்து நின்று கை தட்டினார். எல்லாரும் தட்டினார்கள். எங்களில் ஒருவன் இப்படி நடிப்பானா என்று பக்கத்து வீட்டு அத்தைக்குக் கண் கலங்கியது.

எடுத்து முடித்த பிறகுதான் சித்தப்பா குளத்தில் இறங்கிக் கழுவினார். மறுநாள் விடிந்தபோது முகம், கழுத்து, மார்பு எங்கும் கொப்புளம். இமை ரெண்டும் வீங்கி மூடிக்கொண்டன. நைனா அவரை மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றப் பார்த்தார். ஏற்றியிருப்பார். அந்த நேரம் பார்த்து மேனேஜர் ஜீப்பில் வந்து இறங்கினார். வாசலிலேயே நின்றுவிட்டார். சித்தப்பாவை எட்டிப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். கையைக் கூப்பினார்.

"ஐயய்யோ, இது அம்மை மாதிரி இல்ல இருக்குது? ஆத்தா எறங்கியிருக்கா. ஊசி கீசின்னு போயிடாதீங்க" என்றார்.

எங்கள் வீட்டில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. பட்டணத்துப் படித்த மனுஷன் சொன்னார். அது அம்மை போடுகிற மாசமும்கூட. மலை மேல் அம்மன் இருக்கிற கோட்டையில் பேய் வேஷம் போட்டு ஆடினவன் மேல் ஆத்தாவுக்குக் கோபம் வராதா? ஒரு நொடியில் எல்லாருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது. வண்டியை அவிழ்த்துவிட்டார்கள். மேனேஜர் தேங்காயும் வாழைப்பழமும் சூடமும் வாங்கி அனுப்பினார். பெரிய மனுஷனுக்கு எவ்வளவு பக்தி பார் என்று நைனா நெகிழ்ந்துபோனார். அன்றைக்கே கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன ஏது என்று கேள்வி வரும், வைத்தியச் செலவு வரும். ஒரு தேங்காயில் மேனேஜர் அதை முடித்துக்கொண்டார். அந்த ஆள் கைகூப்பி நின்ற நிற்பைப் போல் ஒரு அசிங்கத்தை நான் எந்தப் பேய்ப்படத்திலும் பார்த்ததில்லை.

அம்மை என்றால் என்னென்ன செய்வோம், செய்ய மாட்டோம் என்று உங்களுக்குத் தெரியும். வாசலில் வேப்பிலை. தாளிக்கக் கூடாது. மருந்து கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தலைக்குத் தண்ணி ஊத்துகிற நாள் வரும்வரை நோயாளி மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. சித்தப்பா வேப்பிலைமேல் கிடந்தார். கண் ஓரத்தில் சீழ் கட்டியது. "அண்ணி, கண்ண மட்டும் கழுவி வுடு அண்ணி" என்று கெஞ்சுவார். இமை மயிரில் அந்தப் பச்சைப் பசை இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. நான் கண்ணால் பார்த்தேன்.

அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. பசை பிசைந்த அவள் உள்ளங்கையும் தோல் உரிந்து எரிந்துகொண்டிருந்தது. நைனாவிடம் கையை நீட்டி, "எனுக்கும் எரியுது பாரு. இது அம்மையா? அந்தப் பசைதான்யா ஏதோ பண்ணிடுச்சு. துணிய நனைச்சித் தொடைக்கலாம்" என்றாள்.

நைனா கையைப் பார்த்தார். பயந்துபோனார். "அப்ப உனுக்கும் ஆத்தா வந்துட்டா" என்றார்.

அவளையும் வேப்பிலையில் படுக்க வைத்தார்கள். அதோடு அவள் வாயும் மூடிவிட்டது.

தண்ணி ஊத்துகிற நாள் வந்தது. வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினார்கள். கொப்புளம் காய்ந்து உதிர்ந்திருந்தது. இமை மெல்லப் பிரிந்தது. உள்ளே கருவிழியே தெரியவில்லை, ரெண்டும் பால் ஊற்றினதுபோல் வெளுத்திருந்தன. சித்தப்பா தலையைத் துவட்டியதும் சட்டைப் பைக் கண்ணாடியைக் கேட்டார். வாங்கி முகத்துக்கு நேராகப் பிடித்தார். வேட்டியில் துடைத்தார். மறுபடியும் பிடித்தார். மறுபடியும் துடைத்தார். அந்தக் கண்ணாடியைப் பிறகு நான் பார்க்கவே இல்லை. அம்மா எங்கே போட்டாளோ.

நான் படித்து நர்சானேன். படிப்பின் ஆரம்பத்திலேயே ஒரு வகுப்பில், கண்ணில் ரசாயனம் பட்டால் முதலில் செய்ய வேண்டியது என்ன என்று சொல்லிக்கொடுத்தார்கள். தண்ணீர். உடனே, நிறைய, நிறுத்தாமல் தண்ணீர். பிறகுதான் மற்றதெல்லாம். நான் வகுப்பைவிட்டு வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். விடுமுறைக்கு ஊருக்கு வந்ததும் சித்தப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், துத்தம் பாதி, புண் புரையோடினது பாதி, இதில் ஆத்தாவுக்குச் சம்பந்தமே இல்லை என்று. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஆத்தா எடுத்துக்கினான்னா ஒரு மரியாத இருக்குது. மைதாமாவு எடுத்துக்கினுச்சுன்னு சொன்னா சிரிப்பாங்கம்மா" என்றார்.

படம் வெளியானதாம், வந்த வேகத்தில் போய்விட்டதாம். செஞ்சிக்கு வரவே இல்லை. எங்கள் ஆட்கள் ஒருவரும் பார்க்கவில்லை. சித்தப்பா மட்டும் விடவில்லை. வெளியூரிலிருந்து யார் வந்தாலும், பஸ் கண்டக்டரானாலும் பாத்திரக்காரனானாலும், அந்தப் படம் பார்த்தீர்களா, அதில் தலைவன் மூடியைக் கழற்றுவானே, முகம் தெரிந்ததா என்று கேட்பார். இத்தனை வருஷமும் கேட்டார். கல்யாணம் இல்லை. நைனாவும் அம்மாவும் போன பிறகு என்னோடுதான் இருக்கிறார்.

இந்தப் பொங்கலுக்கு மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். மருமகன் நல்ல பையன், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. மோசமான பழைய படங்களைத் தேடிப் பிடித்துப் பார்த்துச் சிரிப்பது அவனுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் ஒரு பொழுதுபோக்கு. மதியம் சாப்பிட்டதும், "அத்தை, உங்க ஊர்ல எடுத்த ஏலியன் படம் ஒண்ணு கெடச்சிருக்கு, செம காமெடி" என்று போனிலிருந்து டிவியில் போட்டுவிட்டான். சித்தப்பா ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். தாம்பாளம் ஆடியபடி வந்தது. சித்தப்பா கேட்டுக்கொண்டே இருக்கிற படம் இதுதான் என்று தெரியாமல் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பனங்காய் வெடித்தது. எழுந்து போக நினைத்தேன், அதற்குள் செட்டிக்குளம் வந்துவிட்டது.

தலைவன் மூடியைக் கழற்றினான். டிவி முழுவதும் என் சித்தப்பாவின் முகம். பச்சையில் ரெண்டு கண்ணீர்க் கோடு. உதடு "தண்ணி சார்" என்று அசைந்தது. எவனோ ஒருவனுடைய கட்டைக் குரல், பானைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி, "அற்ப மானிடர்களே! உங்கள் தண்ணீர் முழுவதும் எங்களுக்கே சொந்தம்!" என்றது. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். படத்தின் கீழே ஜனங்கள் எழுதியிருந்ததை மருமகன் படித்துக் காட்டினான். "மொத்தப் படத்துல இந்த ஏலியன் மட்டும்தான் நடிச்சிருக்கான். என்னா அழுகைடா" என்று யாரோ எழுதியிருந்தார்களாம்.

"நிறுத்து" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவன் நிறுத்திவிட்டான். அது யார் என்று சொன்னேன்.

நாற்காலியிலிருந்து சித்தப்பா கேட்டார். "என் மூஞ்சி வருதா?"

"வருது சித்தப்பா."

"கிட்டவா, தூரமா?"

"கிட்டதான். டிவி முழுக்க நீதான்."

மீசை இருக்கும் இடத்தைத் தடவிக்கொண்டார்.

"அந்தக் கொரல் என்னுது இல்ல. நான் இன்னா பண்றேன் அதுல?"

"தண்ணி கேக்குற."

"குடுத்தாங்களா?"

"இல்ல. சுட்டுட்டாங்க."

"ம். நடந்தத அப்டியேதான் எடுத்துருக்கானுங்க" என்றார். பிறகு மருமகன் பக்கம் முகத்தைத் திருப்பினார். "தம்பி, அத இன்னொரு வாட்டி போடுப்பா. அந்தாளு சத்தம் வேணாம், அத நிறுத்திடு. நான் பேசுனத இவ சொல்லட்டும்."

மருமகன் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பின்னால் தள்ளிப் போட்டான். நான் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். மூடி கழன்றது. முகம் வந்தது. உதடு அசைய அசைய நான் சொன்னேன்.

"தண்ணி சார். தண்ணி. கண்ணு எரியுது சார்."

"இன்னும் சத்தமா சொல்லு" என்றார் சித்தப்பா.